ஸ்டியரிங் மறுபக்கம்

லைசென்ஸ் ஆபீஸில் அவளுக்கு 'மறுபடி மேடம்' என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது, ஆனால் வைத்தவருக்கு நல்ல கண். இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டும் பரீட்சை நடத்துகிறவள். தேறாதவர்களைத் திட்ட மாட்டாள், அறிவுரை சொல்ல மாட்டாள். காகிதத்தை இரண்டாக மடித்துக் கையில் கொடுத்து, "மறுபடி வாங்க" என்பாள், அவ்வளவுதான். அதைக் கேட்டு ஆறடி ஆட்களெல்லாம் கண் கலங்கிப் போயிருக்கிறார்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் அவளிடம் எடுபடாது. யாராவது நன்றி சொல்லி ஒரு மிட்டாய் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனால், அடுத்த நிமிடம் அது வாசல் காவலாளியின் நாற்காலியில் இருக்கும். தங்கமானவள், ஆனால் பக்கத்தில் போனால் சுடும் என்று சக ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள்.

இத்தனை வருடத்தில் அவள் ஏறி இறங்காத கார் இல்லை. ஆனால் ஏறியதெல்லாம் மறுபக்கம். ஓட்டுகிறவர் அந்தப் பக்கம், இவள் நடைபாதைப் பக்கம், மடியில் அட்டை, கையில் பேனா. மற்றவர்களின் பயத்தையும் வியர்வையையும் சுவாசித்துக்கொண்டு, ஜன்னலோரம் நகரும் மரங்களைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை அதே தெருக்களைச் சுற்றி வருவாள். திருப்பம் வரும்போது ஓட்டுகிறவர் கை திரும்புகிறதோ இல்லையோ, அவள் கை மடியிலேயே லேசாகத் திரும்பும். கால், அந்தப் பக்கம் இல்லவே இல்லாத பிரேக்கை மிதிக்கும். அவளுக்கே தெரியாமல் நடப்பது இது.

தூக்கத்திலும் அது விடவில்லை. அடிக்கடி ஒரே கனவு வரும். அதே நடைபாதைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், அவள் கைக்கு எதிரே தானாக ஒரு ஸ்டியரிங் முளைத்திருக்கும். விடிகிற நேரத்து வெளிறிய நீலத்தில் சாலை நீண்டுகொண்டே போகும். வேகம் இருக்கும், சத்தம் இருக்காது. மரங்கள் தண்ணீருக்கடியில் ஆடுவதுபோல ஆடி ஒதுங்கும். விழித்த பிறகும் விரல்கள் கொஞ்ச நேரம் வளைந்தபடியே இருக்கும். வீட்டில் ஒரு சின்னக் கார் உண்டுதான். ஆபீசுக்கும் கடைக்கும் அதை ஓட்டிப் போவாள். அது பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலை. அதற்கும் இந்தக் கனவுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தச் சின்னக் காரில் அவள் கணவர் ஒரு நாளும் ஏறியதில்லை. அவருக்குப் பல்செட் செய்யும் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. பிளாஸ்டர் மாவு அச்சுகளும் மெழுகும் சின்னச் சின்ன அரங்களுமாக ஜன்னலோர மேஜை நிறைந்திருக்கும். நகரத்தில் பாதிப் பேர் அவர் பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் தங்கை கேலி செய்வாள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு காகிதத்தின் பருமன் கூடினாலும் குறைந்தாலும் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடுவார். அதிகம் பேசாதவர். எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போவார்.

காரணம் பத்தொன்பது வருடப் பழசு. அவரும் ஒருமுறை லைசென்ஸ் பரீட்சைக்கு வந்தார். சொந்தக்காரர் வந்தால் வேறு பரிசோதகர் பார்க்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். அன்று மற்றவர் லீவு. மேலதிகாரி எல்லார் காதிலும் விழும்படி, "நீங்களே பாத்துடுங்க மேடம், வீட்டுக்காரர்தானே, பாஸ் போடக் கசக்குமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு முள்ளாகத் தைத்தது. மூன்றாவது திருப்பத்தில் கணவர் காரை நிறுத்தி, யாரும் இல்லாத சாலையில் சிறிது நேரம் காத்திருந்தார். மேலதிகாரியின் ஜன்னலிலிருந்து அந்தத் திருப்பம் நன்றாகத் தெரியும். 'தேவையில்லாத தயக்கம்' என்று எழுதி, காகிதத்தை மடித்துக் கொடுத்து, தாலி கட்டியவரிடமும், "மறுபடி வாங்க" என்றாள். அவர் "சரி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். மறுபடி வரவே இல்லை.

ஆனால் சாலையில் யாரும் இல்லை என்பது பொய். நடைபாதை ஓரத்தில் தோளில் குழாய்க் கட்டோடு ஒரு ஆள் நின்றிருந்தான். ஒரு காலைக் கீழே வைத்து, பிறகு எடுத்துக்கொண்டான். மரம் மறைத்ததால் மேலதிகாரி அவனைப் பார்த்திருக்க முடியாது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். இந்த ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவர் மனதில் கோபம் இருக்கிறது, அதனால்தான் தன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அந்த நினைப்போடேயே குடும்பம் நடத்தினாள். மற்றபடி நல்ல குடும்பம்தான்.

போன வருடம் ஒரு பிற்பகல், பதிவு புதுப்பிக்க வேண்டிய ஒரு வண்டியை நேரில் பார்த்துவரச் சொல்லி அவளை அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவரின் வீடு. அவர் மாடியில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டு இன்ஜினியர், ஊருக்குத் திரும்பும்போது தன் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். தகரக் கூரைக்கடியில் இரண்டு வருடமாக நின்றிருந்த அந்த வண்டியை மருந்துக்கடைக்காரர் போர்வை விலக்கிக் காட்டினார். ஜெர்மன் கார். மழைக்கு முந்திய வானத்தின் நிறம். தாழ்வாக, அகலமாக, தூங்கும்போதும் முறுக்கிக்கொண்டே தூங்கும் உடம்பு.

"ஆறு சிலிண்டர், முன்னூறு குதிரை சக்தி" என்றார் அவர், ஏதோ தானே பெற்ற பிள்ளை மாதிரி. "வர்றவங்கல்லாம் ஆசையாத்தான் வர்றாங்க. கதவத் தொறந்து பாத்துட்டு டீ கூடக் குடிக்காமப் போயிடறாங்க."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பழக்க தோஷத்தில் நடைபாதைப் பக்கத்துக் கதவைத் திறந்து, அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அட்டை எதிலோ இடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் கைக்கு எதிரே ஸ்டியரிங் இருந்தது.

அந்த வண்டி சாலையின் எதிர்ப்பக்கம் ஓட்டும் தேசத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான் விஷயம். வந்தவர்களெல்லாம் எந்தக் காரணத்துக்காக ஓடினார்களோ, அதற்காகவே அவள் எழுந்திருக்க மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள். தோல் உறை போட்ட வளையத்தின் மேல் விரல்கள் தானாகப் போய் வளைந்துகொண்டன. கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் தூசி மெதுவாகச் சுற்றியது. எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியாது.

"மேடம், ஏதாவது குறை இருக்கா?" என்று மருந்துக்கடைக்காரர் குனிந்து கேட்டார்.

"நான் இந்த வண்டிய சோதிக்க முடியாது. வேற ஆள அனுப்பச் சொல்றேன்" என்றாள்.

"ஏன் மேடம்?"

"நான் வாங்கப்போறேன்."

மறுபடி மேடம் ஆயிற்றே, தான் வாங்கப்போகும் வண்டிக்குத் தானே கையெழுத்துப் போடுவாளா? சக பரிசோதகர் வந்து பார்த்தார், மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்தார், தாள்கள் எல்லாம் முறைப்படி கை மாறின. சின்னக் காரை விற்றாள். கணவரிடம், "ஒரு வண்டி வாங்கறேன், கொஞ்சம் கிறுக்குத்தனமான வண்டி" என்று சொன்னபோது, அவர் கையிலிருந்த பல்செட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா ஓட்டு" என்றார். அது வாழ்த்தா குத்தலா என்று அன்று முழுவதும் யோசித்தாள்.

ஸ்டியரிங் மாறிய வண்டியை முதல்முறை ஓட்டுகிறவர்கள் கியருக்குப் பதில் கதவுப் பிடியைத் தேடுவார்கள், இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போடுவார்கள். அவளுக்கு அதெல்லாம் ஒன்றும் நேரவில்லை. அவளுக்கு நேர்ந்த தப்பு வேறு யாருக்கும் நேர்ந்திருக்காது. முதல் நாள் காலையில், தினமும் பரீட்சைக்குச் சுற்றும் தெருவின் ஆலமரத் திருப்பம் வந்ததும், காலியாக இருந்த பக்கத்து இருக்கையைப் பார்த்து, "அடுத்ததுல திரும்புங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வண்டி நேராகப் போய்விட்டது. சுற்றிக்கொண்டு வந்து, "இப்ப திரும்புங்க" என்று இன்னும் கண்டிப்பாகச் சொன்னாள். மறுபடியும் நேராகத்தான் போயிற்று. தன் கையில்தான் ஸ்டியரிங் இருக்கிறது என்று உறைத்தபோது, நடுத்தெருவில் தனியாக வாய்விட்டுச் சிரித்தாள். தன்னையே ஃபெயிலாக்க வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அவளுக்கு ஒரு நீண்ட மயக்கம். பழைய ஜெர்மன் காரை வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ரப்பர் குழாய்க்கு வயதாகிவிட்டது, உதிரி பாகம் கடல் தாண்டி வர ஒரு மாதம். தரையில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்க்க அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து, காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் அதைப் போய்ப் பார்ப்பாள். ஒரு நாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில் நீளமாக ஒரு ஜெர்மன் வாக்கியம் வந்து மின்னியது. வண்டி தன்னைக் கடிந்துகொள்கிறது என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடினாள். கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தீர்ந்துபோயிற்றாம். ஆனாலும் சாவியைத் திருப்பியதும் எழும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அடிவயிற்றில் தொடங்கி முதுகு வழியாக ஏறும். அதைக் கேட்பதற்காகவே அரைமணி முன்னதாகக் கிளம்பிப் போவாள். பனி விலகாத சாலையில், கனவில் பார்த்த அதே வெளிறிய நீலத்தில், மரங்கள் மெல்ல ஒதுங்கின.

மெல்ல என்பதுதான் சங்கடம். நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு முன்னால் போகும் வண்டியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. தெரிய வேண்டுமென்றால் முக்கால் காரை நடுச்சாலைக்கு நீட்ட வேண்டும், அதற்குள் எமன் வந்துவிடுவான். அதனால் முன்னூறு குதிரையையும் பூட்டிக்கொண்டு பால்வண்டி பின்னால் ஊர்ந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒரு பையன் போகிறபோது மணி வேறு அடித்தான்.

மூன்றாம் மாதம் வண்டி இருமத் தொடங்கியது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேடம், இது வேகத்துக்குப் பொறந்த இன்ஜின். இப்படி ஊர்ந்துகிட்டே இருந்தா உள்ள கரி படிஞ்சு மூச்சு முட்டிடும். வாரத்துக்கு ஒரு நாளாவது நல்லா வெரட்டணும்."

"முன்னால இருக்கறதத் தாண்ட முடியலியே."

"பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும். எட்டிப் பாத்து, போலாம், வேணாம்னு சொல்லணும். நீங்க அவர் வார்த்தைய நம்பிக் கண்ண மூடிக்கிட்டுப் போகணும். அப்படி ஒரு ஆள் இல்லன்னா வித்துடுங்க, பாவம் வண்டி."

விற்பதா? முதலில் நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவள் உற்சாகமாக வந்து உட்கார்ந்து, லாரியைக் கண்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "போங்க அண்ணி, போங்க அண்ணி" என்று ஜபம் செய்தாள். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பிறகு ஆபீஸ் குமாஸ்தா வந்தார். எதைக் கேட்டாலும், "மேடம் நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். பயந்த பிள்ளை, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தப்புப் பிடித்தே இருபத்தாறு வருடம் சோறு தின்றவளுக்கு, யார் வார்த்தையை நம்புவது என்று கேட்டால் ஒரு முகமும் தோன்றவில்லை. தோன்றியது ஒரே ஒரு முகம். அதனிடம் கேட்க வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை பட்டறை வாசலில் போய் நின்றாள். அவர் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"எதுக்கு?"

"சும்மாதான். வண்டிக்கு... பக்கத்துல ஒரு ஆள் வேணும். எட்டிப் பாத்துச் சொல்றதுக்கு." மெழுகு உருக்கும் விளக்கையே பார்த்தாள். "நீங்க வர்றீங்களா?"

அவர் விளக்கை அணைத்தார். கையில் ஒட்டியிருந்த மாவை நிதானமாகத் தட்டினார். "எத்தன மணிக்கு?" என்றார்.

காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்போல வாசலில் நின்றார். கதவைத் திறந்து ஏறினார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பரீட்சையன்று அவர் உட்கார்ந்த அதே பக்கம். அவளும் அன்று உட்கார்ந்த அதே பக்கம். ஸ்டியரிங் மட்டும் இவள் கைக்கு வந்திருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

நீர்த்தேக்கத்துக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது, அதன்மேல் வெயில் இன்னும் முழுதாக விழவில்லை. ஊரைத் தாண்டியதுமே செங்கல் லாரி ஒன்று முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"பொறு" என்றார். ஒரு வேன் எதிரே கடந்து போனது. "இப்ப போ."

அவள் காலை அழுத்தவில்லை. அழுத்த நினைத்தாள், கால் கேட்கவில்லை. லாரியின் பின்பலகை மட்டுமே அவள் உலகமாக இருந்தது.

"போ" என்றார் இரண்டாம் முறை, சிறிது தூரம் போன பிறகு. அப்போதும் முடியவில்லை. மூன்றாம் முறையும் சாலை காலியாகி மறுபடி நிறைந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தேவையில்லாத தயக்கம்" என்றார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். இன்ஜின் தணிந்த குரலில் உறுமிக்கொண்டே இருந்தது. லாரி சின்னதாகிக்கொண்டு போய் வளைவில் மறைந்தது. தண்ணீர்ப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு அந்தக் குழாய்க்காரர் ஒரு கால கீழ வச்சார். நான் பாத்தேன். நீங்க நிறுத்தினது சரி. பாத்துட்டுத்தான் அப்படி எழுதினேன்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ பாத்தது. உன் கை ஹேண்ட்பிரேக் மேல வந்துடுச்சே. நான் நிறுத்தலன்னா நீ இழுத்திருப்ப."

தன் கையைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான பேரின் கையையும் காலையும் பார்த்துக் குறை எழுதியவள், தன் கை போன இடத்தை ஒருவர் பார்த்திருப்பார் என்று நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருடமும் தெரிந்தே தன்னோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்த இந்த மனிதரை நினைக்க நெஞ்சு தாங்கவில்லை.

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க? ஒரு வார்த்த சண்ட போட்டிருக்கலாமே."

"எல்லாரும் சிரிச்சாங்க இல்ல அன்னிக்கு. பாஸ் போட்டிருந்தா உன்ன ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பாங்க. நீயே ஒரு நாள் சொல்லுவேன்னு இருந்தேன்."

"அந்தக் கோவத்துலதான என் வண்டில ஏறவே இல்ல?"

அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். "கோவமெல்லாம் ஒரு வாரம் இருந்துச்சு. அப்பறம் ஒண்ணும் இல்ல. நீதான் ஒரு நாளும் கூப்பிடலியே."

அவள் அழுதாள். சத்தமாக, மூக்கை உறிஞ்சி, பரீட்சையில் தோற்றவர்கள் அழுவதைப்போலவே அழுதாள். அவர் மாவு வாசனையடித்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சிடுங்க" என்றாள். "சரி சரி, மொகத்தத் தொடச்சுக்கோ" என்றார். ஒரு கொக்கு தாழப் பறந்து போயிற்று. வெயில் மெல்லத் தண்ணீரின் இந்தக் கரைவரை வந்துவிட்டது.

மறுபடி கிளம்பினார்கள். முன்னூறு குதிரைக்குச் செங்கல் லாரியைப் பிடிப்பது ஒரு பெரிய விஷயமில்லை. மூன்று வளைவு தாண்டியதும் அதே பின்பலகை முன்னால் வந்து நின்றது, அதே செந்தூசி கண்ணாடியில் படிந்தது. அவர் உடம்பை நிமிர்த்தி எட்டிப் பார்த்தார்.

"பொறு. பஸ் ஒண்ணு வருது."

பஸ் போயிற்று.

"இன்னும் பொறு. சைக்கிள்."

சைக்கிள் போவதற்கு ஒரு யுகம் ஆயிற்று. அவர் அவசரப்படவில்லை. காகிதப் பருமனைப் பார்க்கும் அதே கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கியரைக் குறைத்துக்கொண்டு, கையை வளையத்தில் வைத்துக் காத்திருந்தாள்.

"ம், போ" என்றார்.

அவள் கண்ணுக்கு அந்தப் பலகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. போனாள்.